சகலை வீட்டு ஏழாம் எண் கிணறு

என் சகலை வீட்டு வாசல் சுவரில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. 'நிலத்தடி நீர்த் தூய்மை வாரியம். கண்காணிப்புக் கிணறு எண் 7. அனுமதியின்றித் திறக்கக் கூடாது' என்று அதில் வெள்ளை எழுத்து. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பித்தளைத் திருகாணி. அந்தப் பலகையைப் பார்த்து நான் ஐந்து வருஷம் வயிறெரிந்தேன். சுற்றி வளைப்பானேன், பொறாமைதான். நியாய உணர்ச்சி, குடும்ப மானம் என்று வேறு பெயரெல்லாம் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். மாமனார் தன் மனையை இரண்டாகப் பிரித்து மேட்டுப் பக்கத்தை அவருக்கும் பள்ளத்துப் பக்கத்தை எனக்கும் கொடுத்தார். அளவு இரண்டும் ஒன்றுதான், ஒரு சாண் கூடக் குறையவில்லை. ஆனால் மழை பெய்தால் அவர் முற்றத்துத் தண்ணீர் என் முற்றத்துக்கு வரும். அவர் வீட்டு மரத்தில் உதிர்கிற இலை என் வாசலுக்கு வந்த பிறகுதான் குப்பையாகும். அவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நான் வீட்டு முன்னறையில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். பின்னால் கிணறு, பக்கத்தில் துவைக்கிற கல், முன்னால் இஸ்திரி மேசை. கிணற்றுத் தண்ணீர்தான் தொழில்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் பங்க். அந்த பங்க் வந்தபோதுதான் வாரியமும் வந்தது. பூமிக்கடியில் புதைத்த தொட்டி ஒழுகினால் நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்துவிடுமாம், அதைக் கண்காணிக்க வேண்டுமாம். நல்ல காரியம். ஏழு இடத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். ஏழும் மேட்டுப் பக்கம். ஏழாவது என் சகலை வீட்டு முற்றத்தில்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு ஜீப் வரும். சகலை மடிப்புக் கலையாத சட்டையில் வாசலில் நிற்பார். அது நான் தேய்த்துக் கொடுத்த சட்டை. ஜீப்பிலிருந்து அலுவலர் இறங்குவார், அவர் பின்னால் ஒரு பெட்டியோடு குழாய்க்காரர் இறங்குவார். தரையோடு தரையாகச் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஓர் இரும்பு மூடி, அதற்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவி அரக்கு வைத்த உறைக்குள். உறை இன்னொரு பூட்டுப் போட்ட பைக்குள். அந்தப் பையின் சாவி எப்போதும் அலுவலகத்திலேயே மறந்துபோகும், ஜீப் திரும்பிப் போய் எடுத்துவரும். அந்த அரைமணி நேரமும் சகலை வீட்டில் டீ.

பிறகு குழாய்க்காரர் ஒரு நாடாவைக் குழாய்க்குள் இறக்குவார். அதன் நுனியில் இருக்கும் கருவி தண்ணீரைத் தொட்டால் விட்டு விட்டுக் கீச்சிடும், பெட்ரோலைத் தொட்டால் நிறுத்தாமல் கத்தும். கீச், கீச், கீச் என்று அது சொல்லும்போது என் சகலை, தன் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்பவர் போலத் தலையாட்டுவார். குழாயில் நிற்கும் தண்ணீர் பழசாம், அதை மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுசாக ஊறி வருவதைத்தான் எடுக்க வேண்டுமாம். கொட்டுகிற தண்ணீர் சகலையின் பூச்செடிகளுக்குப் போகும். கடைசியில் விரல் நீளக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்து, காற்றுக் குமிழி இல்லை என்று பார்த்து, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு தாள். அதில் சகலை 'கிணற்றுக் காப்பாளர்' என்று கையெழுத்துப் போடுவார். அதற்காக அவருக்கு வாரியத்தின் சின்னம் போட்ட பச்சைத் தொப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். அந்தத் தொப்பியோடு அவர் முடி வெட்டிக்கொள்ளவும் போனார் என்று நாவிதர் என்னிடம் சொன்னார்.

இதையெல்லாம் நான் எங்கள் நடுச்சுவருக்கு மேலாக, துணி உலர்த்துகிற சாக்கில் பார்ப்பேன். முதல் செவ்வாய்க்கிழமைகளில் என் கடையில் ஒரே துணி மூன்று தடவை உலரும்.

மூன்றாம் வருஷம் மழைக்குப் பிறகு என் கிணற்றில் வாசனை வந்தது. பெட்ரோல் வாசனை. முதலில் இஸ்திரி போடும்போது ஆவியில் கண் எரிந்தது. அப்புறம் சட்டைகளே மணத்தன. வாத்தியார் ஒருவர் தன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அட, ட்ரை கிளீனிங் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கடைக்கு நல்ல பெயர். அதன் பிறகு ஒருவர், உங்களிடம் துவைத்த சட்டையோடு அடுப்பங்கரைக்குப் போக என் மனைவி விடமாட்டேன் என்கிறாள் என்று சொல்லி, பாக்கித் துணியை ஈரத்தோடு வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் சொல்லாமலே போனார்கள்.

என் மனைவி அந்தத் தண்ணீரில் சமைப்பதை நிறுத்தினாள். தினமும் காலையில் நாலு குடம் அக்கா வீட்டுக் கொல்லையில் இருக்கும் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து எடுத்துவந்தாள். மேட்டிலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கி வந்த காலம் போய், என் மனைவி ஏறிப்போய் எடுத்துவரும் காலம் வந்தது. குடத்தைத் தூக்கிவிடும்போது சகலை, "நம்ம கிணறு சுத்தமா இருக்குன்னு போன மாசம்கூட எழுதிக் கொடுத்தாங்க" என்பாராம். அவள் அதை என்னிடம் வந்து அப்படியே சொல்வாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் பெரிய வரைபடம், அதில் ஏழு பச்சைப் புள்ளி. ஏழாவது புள்ளிக்குப் பக்கத்தில், என் வீடு இருக்க வேண்டிய இடத்தில், வரைபடத்தின் சட்டம் வந்து மறைத்திருந்தது.

"கிணறு எண்?" என்றார் அலுவலர்.

"எண் இல்லீங்க. வீட்டுக் கிணறு. பெட்ரோல் வாசனை வருது."

"எண் இல்லாத கிணத்துல வாசனை எப்படி வரும்?"

"வந்துடுச்சுங்க."

"வந்திருக்கலாம், நான் இல்லேங்கல. ஆனா பதிவாகாது. வாசனையைப் பதிவு பண்ண முகர்வாளர்னு ஒருத்தர் இருக்கணும். அந்தப் பணியிடம் மூணு வருஷமா காலி."

"நீங்களே கொஞ்சம் முகர்ந்து பாருங்களேன்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு அதிகாரம் இல்ல. நாளைக்கு நான் முகர்ந்தேன்னு யாராவது மேல எழுதிப் போட்டா என் கதி என்ன?"

நான் புட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். அவர் தன் டீக்கோப்பையை மேசையின் மறு ஓரத்துக்கு நகர்த்தினார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையோடு, "எனக்கு ஒண்ணும் தெரியல. அதோட இதுல காத்துக் குமிழி இருக்கு, செல்லாது" என்றார்.

நான் அப்போதே அழுது ஆர்ப்பாட்டம் செய்திருக்க வேண்டும். தண்ணீர் கெட்டுப் போச்சு, பிழைப்பு போச்சு, ஏதாவது செய்யுங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடியது. எண் இருந்தால் கேட்பார்கள். சகலைக்கு எண் இருக்கிறது.

ஐந்து வருஷம் முடிந்ததும் வாரியம் ஒரு விழா வைத்தது. 'ஐந்தாண்டு மாசின்மை விழா' என்று பெயர். இடம், ஏழாம் எண் கிணறு, அதாவது சகலை வீட்டு முற்றம். நாற்காலியும் பிஸ்கட்டும் பங்க் முதலாளியின் உபயம். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசையில், நடுச்சுவரை ஒட்டி. வாரியத் தலைவர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே! ஏழு கிணறு, அறுபது மாதம், நானூற்று இருபது மாதிரி. ஒன்றிலாவது, ஒரே ஒரு சொட்டு பெட்ரோல் உண்டா? இல்லை! இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று வெளியூர்களிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். நான் சொல்வேன், இடத்தேர்வு! கிணறு எங்கே போட வேண்டும் என்று எல்லோரும் யோசிப்பார்கள். எங்கே போடக் கூடாது என்று யோசித்தது நம் வாரியம்! ஒரு கிணற்றில் மாசு தெரிந்தால் என்ன ஆகும்? விசாரணை, அறிக்கை, பத்திரிகை, மக்களுக்கு மனக்கலக்கம். கண்காணிப்பின் நோக்கம் மக்களைக் கலங்கடிப்பதா? நிம்மதி! நிம்மதிதான் நம் உற்பத்தி!"

எல்லோரும் கைதட்டினார்கள். பேசிக் களைத்த தலைவருக்கு என் சகலை தன் கிணற்றுத் தண்ணீரை வெள்ளித் தம்ளரில் நீட்டினார். தலைவர் அதை வாங்கி, புகைப்படத்துக்கு நின்று, பக்கத்தில் வைத்துவிட்டு, பையிலிருந்து கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு 'சிறந்த கிணற்றுக் காப்பாளர்' என்று நீர்த்துளி வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கேடயம். என் சகலை அதை வாங்கிக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை கடைசி வரிசைக்கு வந்ததும் நின்றது. நான் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன். ஊரிலேயே அதிகம் கைதட்டியது நான்தான் என்று பிறகு பாராட்டினார்கள்.

விழா முடிந்ததும் ஜீப்பை மறித்து அலுவலரைப் பிடித்தேன்.

"தண்ணில பெட்ரோல் இருக்கான்னு பாக்கத்தானேங்க இந்தக் கிணறு?"

"ஆமா."

"அப்ப பெட்ரோல் இருக்கற இடத்துலதானே போடணும்? என் வீட்டுல இருக்கே."

"இருக்கறதுதான் உங்களுக்கே தெரியுதே. அப்புறம் பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

நான் ஜீப் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினார். "சுற்றறிக்கை பதினாலு இருக்கு. எரிபொருள் வாசனை வர்ற இடத்துல துளை போடற மெஷினை ஓட்டக் கூடாது, தீப்பிடிக்கும். அதனாலதான் வாசனை இல்லாத இடமாப் பாத்து ஏழும் போட்டோம். உங்க வீட்டுக்கு வேணும்னா ஒரே வழிதான். படிவம் ஒன்பது. எரிபொருள் கையாளும் இடம்னு வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்தா, தீப்பிடிச்சாலும் அவர் பொறுப்பு. அப்ப போடலாம். அது சாதாரணக் கிணறு இல்ல. மூலக் கிணறு. சிவப்புப் பலகை."

"சிவப்பா?"

"சிவப்பு. மாசத்துக்கு ஒரு தடவை இல்ல, வாரத்துக்கு ரெண்டு தடவை வருவோம்."

அன்றைக்கே படிவம் ஒன்பதை வாங்கிவந்தேன். முப்பத்தெட்டுக் கட்டம். எதைக் கேட்கிறார்கள் என்று படித்தவனுக்கும் புரியாது, ஒன்று தப்பினால் படிவம் செல்லாது. எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும் என்று அலுவலர் பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார். இருபத்திரண்டாவது கட்டம். 'மேற்படி இடத்தில் பெட்ரோலியப் பொருள் வைத்திருப்பதும் கையாள்வதும் உண்டு என உறுதி கூறுகிறேன்.'

பொய்யும் இல்லை. தார், கிரீஸ் கறை எடுக்க எந்தச் சலவைக்காரனும் ஒரு சின்னப் புட்டியில் பெட்ரோல் வைத்திருப்பான். என்னிடமும் இருந்தது. இருமல் மருந்துப் புட்டி, நூறு மில்லி. நாலு வருஷத்துக்கு முன்னால் அதே எதிர் பங்க்கில் வாங்கியது, இன்னும் பாதி இருந்தது.

என் மனைவி படிவத்தை எட்டிப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"நமக்கும் கிணறு போடறாங்க. மூலக் கிணறு."

"அதுல நல்ல தண்ணி வருமா?"

"அது குடிக்கற கிணறு இல்ல. கண்காணிக்கற கிணறு."

"நல்ல தண்ணிக்கு வழி பண்ணுங்கன்னு ரெண்டு வருஷமா கத்தறேன். நீங்க பலகைக்கு அலையறீங்க. நானே பெட்ரோல் வெச்சிருக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போடறீங்களே, நாளைக்கு அதையே உங்க தலையில கட்டினா?"

"நூறு மில்லியையா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் இருபத்திரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன். அவ்வளவு அழுத்திப் போட்டதில் அடுத்த தாளிலும் பதிந்தது.

சகலை வீட்டுக்கு வந்த மெஷினைவிட எனக்கு வந்த மெஷின் பெரியது. ஒரு நாள் முழுக்கத் துளைத்தார்கள், தெருவே கூடி நின்றது. குழாய் இறக்கி, மணல் கொட்டி, சிமெண்ட் பூசி, மூடி போட்டார்கள். மறுநாள் பலகை வந்தது. 'மூலக் கிணறு எண் 1'. சிவப்பு. நாலு மூலைக்கும் நாலு திருகாணி. நான் எண்ணிப் பார்த்தேன், சகலையுடையதில் இரண்டுதான். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி போட்டிருக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை என் மனைவியிடம் சொல்லவில்லை.

முதல் மாதிரி எடுத்த அன்றைக்கு நானே தேய்த்த சட்டையை நானே போட்டுக்கொண்டு நின்றேன். குழாய்க்காரர் நாடாவை இறக்கினார். கருவி நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தது. அவர் பதறிப்போய் மேலே இழுத்தார், உள்ளங்கையில் தட்டினார், மறுபடி இறக்கினார். மறுபடியும் அதே கத்தல்.

"கெட்டுப் போச்சா?" என்றார் அலுவலர்.

"தெரியல சார். அஞ்சு வருஷத்துல இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல."

தண்ணீர் அள்ளும் கண்ணாடிக் குழாயை இறக்கி மேலே தூக்கினார். அடியில் தண்ணீர். அதன்மேல், ஒரு சாண் உயரத்துக்கு, வெளிர் மஞ்சளாகப் பெட்ரோல். வெயிலில் பளபளத்தது. அலுவலர் துவைக்கிற கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. சகலை கிணற்றில் ஐந்து வருஷமாக வராதது என் கிணற்றில் முதல் நாளே வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

மத்தியானத்துக்குள் தலைவரே வந்துவிட்டார். கூடவே பங்க் முதலாளியும் வந்தார். தலைவர் மஞ்சள் குழாயைப் பார்த்தார், என் படிவம் ஒன்பதைப் பார்த்தார், என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

"பெரியோர்களே!" என்றார். அங்கே ஆறு பேர் இருந்தோம். "ஐந்து வருஷத்தில் மாசு கிடைக்கவில்லை, ஆகவே வாரியம் சரியாக இயங்கியது. இன்று மாசு கிடைத்துவிட்டது, ஆகவே வாரியம் இன்னும் சரியாக இயங்குகிறது! அது மட்டுமா? மாசின் மூலத்தையும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டோம். இவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட குடிமக்கள் இருக்கும்வரை நமக்கு விசாரணை என்ற சிரமமே இல்லை!"

கடைக்குள் போய் அலமாரியிலிருந்து இருமல் மருந்துப் புட்டியை எடுத்தார்கள். கையுறை போட்டு, உறையில் இட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"ஐயா, அது நூறு மில்லி" என்றேன். "கிணத்துல ஒரு சாண் நிக்குது."

"தினமும் நூறு மில்லி கொட்டியிருந்தா?" என்றார் அலுவலர்.

"தினமும் இல்லீங்க. அந்தப் புட்டி வாங்கி நாலு வருஷம் ஆச்சு. இன்னும் பாதி அப்படியே இருக்கே."

அலுவலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். "அப்ப மீதிப் பாதி எங்க போச்சு?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். "எதிர்த்த பங்க்ல மாசா மாசம் எத்தனையோ லிட்டர் குறையுதாமே. அங்க வேலை பாக்கறவங்க சட்டையெல்லாம் என்கிட்டத்தான் வந்துட்டு இருந்துச்சு, அவங்களே சொல்லியிருக்காங்க."

"அது ஆவியாப் போகுது" என்றார் பங்க் முதலாளி, ரொம்பப் பணிவாக.

"ஆமாம்" என்றார் தலைவர். "ஆவின்னு மாசா மாசம் எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்க படிவத்துல ஆவின்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்களா? இல்லையே."

வாசல் கதவின் குறுக்கே தாள் ஒட்டிக் கடைக்கு முத்திரை வைத்தார்கள். வீட்டுக் கிணற்றுக்கும் பலகை அடித்து மூடினார்கள். மூலம் தெரிந்துவிட்டதால் பங்க்கைக் கண்காணிக்க வேண்டியதில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள், பங்க் முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேட்டுப் பக்கத்து ஏழு கண்காணிப்புக் கிணறும் தேவையில்லை என்று அந்த வாரமே மூடிவிட்டார்கள். சகலை வீட்டுப் பலகையைக் குழாய்க்காரர் வந்து கழற்றிக்கொண்டு போனார். தொப்பியையும் திருப்பிக் கேட்டாராம், அது வாரியச் சொத்தாம்.

என் மனைவி மூன்று சேலையை மடித்துப் பையில் வைத்தாள். "நான் அக்கா வீட்டுல இருக்கேன். அங்க தண்ணி இருக்கு. நீங்க பலகையோட இருங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள்.

கடை இல்லை, தண்ணீர் இல்லை, மனைவி சுவருக்கு அந்தப் பக்கம். ஆனால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஜீப் என் வாசலில் நிற்கிறது. கீச்சிடும் கருவி என் முற்றத்தில் கத்துகிறது. நான் 'மூலப் பொறுப்பாளர்' என்று கையெழுத்துப் போடுகிறேன். போன வெள்ளிக்கிழமை அப்படிக் கையெழுத்துப் போட்டு ஜீப்பை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, சகலை சுவர் ஓரம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் வாசல் சுவர் தெரிந்தது. பலகை இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளுப்பு, மேலும் கீழும் இரண்டு ஓட்டை. அந்த ஓட்டைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது.

அவர் கையில் ஒரு தாள் இருந்தது. படிவம் ஒன்பது.

"சகலை" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நம்ம ஸ்கூட்டர்ல எப்பவும் ரெண்டு லிட்டர் பெட்ரோல் இருக்கும். நானும் எழுதிக் கொடுக்கலாம்ல? முப்பத்தெட்டுக் கட்டம் இருக்கு, தலையும் புரியல, வாலும் புரியல. ஆபீஸ்ல கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க எதுல டிக் போட்டீங்க?"

அவர் கண்ணில் அது இருந்தது. ஐந்து வருஷம் என் கண்ணில் இருந்த அதே சமாச்சாரம். எனக்குத் தெரியாதா?

அவர் குறி போட்டால் அவர் கொல்லைக் கிணற்றையும் மூடுவார்கள். அவர் பிள்ளைகள், அவர் மனைவி, என் மனைவி எல்லோரும் குடிப்பது அந்த ஒரு கிணற்றுத் தண்ணீர்தான். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தோன்றியது. அந்த நிமிஷம் தோன்றியது ஒன்றே ஒன்று. சொல்லிவிட்டால் அவருக்கும் சிவப்புப் பலகை வந்துவிடும். மேட்டுப் பக்கம், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற உயரத்தில்.

"மறந்து போச்சு, சகலை" என்றேன்.

அவர் படிவத்தை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் என் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். முத்திரைத் தாள் கிழியாமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, குடத்தை இறக்கி வைத்தாள்.

"அத்தான் அந்தப் படிவத்தைப் பத்தி உங்ககிட்டக் கேட்டாராமே. நீங்க சொல்ல மாட்டேன்னுட்டீங்களாமே."

"ம்."

"அவராவது தப்பிக்கட்டும்னுதானே?"

"ஆமா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். ஐந்து வருஷமாக அப்படி ஒரு பார்வை எனக்குக் கிடைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு தம்ளர் மொண்டு குடித்தேன். முகர்ந்தும் பார்த்தேன். நிறமில்லை, வாசனையில்லை, அத்தனை நல்ல தண்ணீர். சகலை வீட்டுத் தண்ணீர். வயிறெரிந்தது.